கோசாயி குண்ட யாத்திரை: முதன்முறை மலையேறும் அன்பர்களுக்கு

இமயமலை முழுவதுமே ஈசனின் இருப்பிடம் என்பது நம் முன்னோர் கொள்கை. அம்மலையில் உள்ள புண்ணிய நீர்நிலைகளுள் திபெத்தில் இருக்கும் மானசரோவரத்தின் பெயர் எல்லோரும் அறிந்ததே. நேபாள நாட்டில், காத்மாண்டு நகருக்கு வடக்கே, ரசுவா மாவட்டத்தின் உயர்ந்த மலைகளுக்கு நடுவில் உள்ள கோசாயி குண்டத்தைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நேபாளத்து இந்துக்களுக்கோ, வாழ்நாளில் ஒரு முறையாவது நீராட வேண்டிய தீர்த்தம் அது.

அண்மைக் காலமாக வெளிநாடுகளில் வாழும் தமிழர்களும், குறிப்பாகப் பணியிலிருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்கள், இத்தகைய யாத்திரைகளில் நாட்டம் கொண்டிருக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் கோசாயி குண்டம் கடல் மட்டத்திலிருந்து 4380 மீட்டர், அதாவது சுமார் 14,370 அடி உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்த பழக்கம் இங்கே துணை செய்யாது. மலையேறிப் பழக்கமில்லாத அன்பர் ஒருவர் இத்தலத்துக்குச் சென்று, தரிசனம் செய்து, நலமாகத் திரும்புவதற்கு அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலத்தின் பெருமை

பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தை உலகைக் காக்கும் பொருட்டு உண்டு, அதைக் கண்டத்தில் நிறுத்தி நீலகண்டர் ஆனார் சிவபெருமான் என்ற வரலாறு நம் குழந்தைகளுக்கும் தெரியும். பிரதோஷ வழிபாட்டின் அடிப்படையே அதுதான். நேபாளத்து மக்கள் அந்த வரலாற்றின் தொடர்ச்சியாக ஒன்று கூறுகிறார்கள். விஷத்தின் வெம்மை தாங்காத பெருமான் இமயத்தின் குளிர்ந்த உச்சியை நாடி வந்தாராம். தம் திரிசூலத்தால் மலையைக் குத்த, நீர் பீறிட்டு வந்து குண்டமாகப் பெருகியதாம். இங்கிருந்து இறங்கும் நீரே திரிசூலி ஆற்றைச் சேர்கிறது. அந்த ஆறு கண்டகியில் கலந்து, பின்னர் கங்கையை அடைகிறது. ஏரியின் நடுவே நீருக்குள் தெரியும் பாறையைச் சிவ வடிவமாகவே எண்ணி வணங்குகிறார்கள். கோபுரமும் பிராகாரமும் கொண்ட பெரிய கோயில் எதுவும் அங்கே கிடையாது. கரையில் ஒரு சிறு சன்னிதி, சில மணிகள், எதிரே அகன்ற நீர்ப்பரப்பு, சுற்றிலும் மலை. அவ்வளவே.

சிராவண மாதப் பௌர்ணமி அன்று இங்கே பெருவிழா. அதற்கு ஜனை பூர்ணிமா என்று பெயர். ஜனை என்பது பூணூல். நம் ஊரில் யஜுர் வேதத்தினர் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமி நாள்தான் அது. அன்று அங்கே பூணூல் மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் நூற்காப்புக் கட்டிக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கான யாத்திரிகர்கள் கூடுவார்கள். அப்பகுதியில் வாழும் தாமாங் இனத்தவர் பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களுக்கும் இந்நீர் புனிதமானதே. அவர்களுடைய பூசாரிகள் மேளம் கொட்டிக்கொண்டு, இரவெல்லாம் ஆடிப் பாடி ஏரியை அடையும் காட்சி இத்திருவிழாவின் தனிச்சிறப்பு.

இந்தப் பகுதி 1976ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியது. கோசாயி குண்டமும் அதைச் சூழ்ந்த ஏரிகளும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2007ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன.

உயரம் உடலுக்குச் செய்வது என்ன?

மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விகிதம் மாறுவதில்லை. கடற்கரையிலும் சரி, மலையுச்சியிலும் சரி, நூற்றுக்கு 21 பங்கே. குறைவது காற்றின் அழுத்தம். கோசாயி குண்டத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

இறைவன் படைத்த இவ்வுடல் இதற்கும் ஈடு கொடுக்க வல்லது. மூச்சு ஆழமாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, சிறுநீரகங்கள் இரத்தத்தின் அமில காரச் சமநிலையைத் திருத்துகின்றன, நாளடைவில் சிவப்பணுக்களும் பெருகுகின்றன. ஆனால் இந்த மாற்றங்களுக்கு நாட்கள் தேவை. அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் அவசரமாக ஏறுபவருக்கு வருவதே மலைநோய்.

இந்நோய் பற்றிய தவறான எண்ணம் ஒன்றை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். உடற்பயிற்சி செய்து உறுதியாக இருப்பவருக்கு மலைநோய் வராது என்று எண்ணுவது பிழை. உடல் உறுதி நடையை எளிதாக்கும், நோயைத் தடுக்காது. சொல்லப்போனால், திடகாத்திரமான இளைஞர்களே வேகமாக ஏறி விரைவில் நோய்வாய்ப்படுகிறார்கள். மூச்சு வாங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறும் பெரியவர் அவர்களைவிட நலமாக மேலே வந்து சேர்வதும் உண்டு.

கோசாயி குண்டத்துக்கு வரும் யாத்திரிகர்களிடையே நேபாள மருத்துவர் புத்த பஸ்ன்யாத்தும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்த யாத்திரிகர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு மலைநோயின் அறிகுறிகள் இருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நடைத் தள்ளாட்டமும் மனக்குழப்பமும் காணப்பட்டன. அவர்கள் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அல்லர். திருவிழாவுக்கு வந்த பக்தர்கள்.

காரணத்தைக் கண்டறிவது கடினமல்ல. காத்மாண்டு சுமார் 1400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வாகனத்தில் துன்சே என்ற ஊருக்கு வந்து, இரண்டே நாட்களில் 4380 மீட்டருக்கு ஏறிவிடுகிறார்கள் பலர். விரதம் என்று உணவைக் குறைக்கிறார்கள். தண்ணீரும் போதிய அளவு குடிப்பதில்லை. மேலே சென்றதும் உறைபனி போன்ற நீரில் முழுகுகிறார்கள். தலை வலித்தால், வாந்தி வந்தால், அது தாங்கள் செய்த பாவத்தின் பலன் என்றோ, இறைவன் வைக்கும் சோதனை என்றோ எண்ணிப் பொறுத்துக்கொண்டு மேலும் ஏறுகிறார்கள். மலைநோய்க்கு முதல் மருந்து ஏறுவதை நிறுத்துவதே. பக்தியின் பெயரால் அந்த மருந்தையே மறுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

வழியும் நாட்களும்

3000 மீட்டருக்கு மேல், ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம் முந்திய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். இதுவே மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட, இரவில் எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். இவ்விதியைத் தழுவி, முதல் முறை செல்பவர்களுக்கு ஏற்ற பயணத் திட்டம் ஒன்று கீழே தரப்படுகிறது.

முதல் நாள்: காத்மாண்டிலிருந்து வாகனத்தில் துன்சே. உயரம் சுமார் 2000 மீட்டர். மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு பகல் முழுதும் ஆகும்.

இரண்டாம் நாள்: துன்சேயிலிருந்து தேவராலி. சுமார் 2600 மீட்டர். செங்குத்தான ஏற்றம். துன்சேயிலிருந்து நேரே சந்தன்பாரி வரை ஒரே நாளில் ஏறுபவர்கள் உண்டு. அது 1300 மீட்டர் ஏற்றம்; பழக்கமில்லாதவருக்கு ஏற்றதன்று.

மூன்றாம் நாள்: சந்தன்பாரி. இதைச் சிங் கோம்பா என்றும் அழைப்பர். சுமார் 3300 மீட்டர். பழைய பௌத்த மடம் ஒன்றும், பாலாடைக்கட்டி செய்யும் நிலையமும் இங்கே உண்டு. சுற்றிலும் தேவதாரு இன மரங்களும், வசந்த காலத்தில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் மரங்களும் நிறைந்த காடு.

நான்காம் நாள்: சந்தன்பாரியிலேயே ஓய்வு. ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதன்று. காலையில் இரண்டு மணி நேரம் மேலே நடந்துவிட்டு, மீண்டும் கீழே வந்து உறங்குவது உடலைப் பழக்குவதற்குச் சிறந்த முறை.

ஐந்தாம் நாள்: சோலாங்பாட்டி. சுமார் 3600 மீட்டர். மூன்று மணி நேர நடைதான். இன்னும் போகலாமே என்று கால் துடிக்கும். போகக்கூடாது.

ஆறாம் நாள்: லவுரிபினா. சுமார் 3900 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் மனாஸ்லு, கணேஷ் ஹிமால், லாங்டாங் லிருங் ஆகிய பனிமலைகளை இங்கிருந்து வரிசையாகக் காணலாம்.

ஏழாம் நாள்: விடியற்காலையில் புறப்பட்டு, மூன்று நான்கு மணி நேரத்தில் கோசாயி குண்டம். முதலில் சரஸ்வதி குண்டமும், பிறகு பைரவ குண்டமும் தெரியும். அதன்பின் கோசாயி குண்டம். தரிசனம் முடித்து அன்று மாலையே லவுரிபினாவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கி வந்து படுப்பது உத்தமம்.

இறங்குவதற்கு இரண்டு நாட்கள் போதும். இவற்றுடன் இன்னும் இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். அலுவலகத்தில் கிடைத்த விடுமுறை இரண்டு வாரம். திரும்பும் விமானச் சீட்டில் தேதி குறிக்கப்பட்டுவிட்டது. காத்மாண்டில் பசுபதிநாதரையும் தரிசிக்க வேண்டும். வரும் வழியில் ஊருக்கும் போக வேண்டும். இந்த நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது மலையில் ஓய்வெடுக்கும் நாள்தான். வெட்டுவதென்றால் வேறு எதையேனும் வெட்டுங்கள். அந்த நாளைத் தொடாதீர்கள்.

எந்தக் காலத்தில் போவது என்ற கேள்வியும் உண்டு. ஆகஸ்டு மாதத்தை ஒட்டி வரும் ஜனை பூர்ணிமா மழைக்காலத்தின் நடுவில் அமைகிறது. பாதையில் சேறும் அட்டைகளும் மிகுதி; சாலையில் மண்சரிவும் ஏற்படும்; மேகம் மூடி மலைகள் தெரியா; தங்குமிடங்களும் நிரம்பி வழியும். முதல் முறை செல்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களும், ஏப்ரல், மே மாதங்களும் ஏற்றவை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும்.

புறப்படுமுன்

மூன்று மாதங்களுக்கு முன்பே நடைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். சமதரையில் நடப்பது போதாது; மாடிப்படிகளிலும் குன்றுகளிலும் ஏறி இறங்க வேண்டும். கடைசி மாதத்தில் முதுகில் ஐந்து கிலோ எடையுள்ள பையுடன் நான்கு மணி நேரம் நடக்க இயன்றால் கால்கள் தயார் என்று கொள்ளலாம். முழங்கால்களுக்குத் துன்பம் தருவது ஏற்றத்தைவிட இறக்கமே. ஆகவே கையில் ஊன்றுகோல் அவசியம். புதிய காலணியுடன் மலைக்குப் போவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். முன்கூட்டியே வாங்கி, அணிந்து பழக்கிவிட வேண்டும்.

ஐம்பது வயதைக் கடந்தவர்களும், ஏதேனும் நோய்க்கு மருந்து உண்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கலந்து பேசாமல் புறப்படக்கூடாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்தவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள், கருவுற்றிருக்கும் பெண்கள் ஆகியோர் இந்த யாத்திரையைத் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்தம் மருந்தினால் கட்டுக்குள் இருப்பவர் போகலாம். மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர் மருந்துக் குழலைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நாள் முழுவதும் நடக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறையலாம். அப்போது ஏற்படும் தள்ளாட்டமும் குழப்பமும் மலைநோய் போலவே தோன்றும். ஆகவே பரிசோதனைக் கருவி கையோடு இருக்க வேண்டும். இன்சுலின் குளிரில் உறைந்தால் பயனற்றுப் போகும். அதையும் கருவியையும் பகலில் உள்சட்டையில், இரவில் படுக்கைக்குள் வைத்துக் காக்க வேண்டும். விரதம் இவர்களுக்கு அறவே கூடாது. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் விரதத்தில் விலக்கு அளிப்பது நம் மரபிலேயே உள்ளதுதான்.

மலைநோயைத் தடுக்க அசெட்டசோலமைட் என்ற மாத்திரை உதவும். டயமாக்ஸ் என்ற பெயரிலும் கிடைக்கும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும். ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்தே தொடங்குவர். விரல் நுனிகள் மரத்துப்போவது போலிருக்கும். சிறுநீர் அடிக்கடி போகும். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இம்மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துமே தவிர, நாட்களைக் குறைத்துக்கொள்ள உரிமைச் சீட்டு ஆகாது. வழியில் உள்ள விடுதிகளில் பூண்டுச் சூப் குடித்தால் மலைநோய் வராது என்பார்கள். குளிருக்கு இதமான பானம்தான். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் மலையில் ஆகவே ஆகா.

ஹெலிகாப்டரில் இறக்குவதற்கான செலவையும் உள்ளடக்கிய காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு உயரம் வரை செல்லும் என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஹெலிகாப்டரும் பகலில், வானம் தெளிவாக இருந்தால்தான் வரும். ஆகவே கடைசி நம்பிக்கை நம் கால்களும், உடன் வருபவர்களும்தான். வழி அறிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது.

அறிகுறிகள்

உயரத்தில் தலைவலி, அதனுடன் பசியின்மை, குமட்டல், அளவுக்கு மீறிய சோர்வு, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அது மலைநோய் என்றே கொள்ள வேண்டும். வேறு காரணம் தேடக்கூடாது. இவை மட்டுமே இருந்தால் அதே இடத்தில் தங்கி, நீர் அருந்தி, ஓய்வெடுக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். முற்றிலும் நீங்கிய பிறகு ஏறலாம். நீங்காவிட்டாலோ, மிகுந்தாலோ இறங்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. ஒன்று மூளை வீக்கம். தள்ளாடும் நடை, பொருத்தமற்ற பேச்சு, காரணமில்லாத எரிச்சல், விலகித் தனியே இருத்தல், பிறகு அடங்காத உறக்கம் ஆகியவை இதன் அடையாளங்கள். இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு நேர்கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மற்றொரு காலின் விரல்களைத் தொடுமாறு அடி மேல் அடி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். நேராக நடக்க முடியாமல் சாய்பவரை உடனே கீழே இறக்க வேண்டும். மற்றொன்று நுரையீரலில் நீர் கோத்தல். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுவதும், விடாத இருமலும், நுரையுடன் கூடிய இளஞ்சிவப்புச் சளியும் இதன் அடையாளங்கள். இவ்விரண்டுக்கும் பிராணவாயுவும் மருந்துகளும் உண்டு என்றாலும், அவை இறக்கத்துக்குத் துணையே தவிர, அதற்கு மாற்று அல்ல.

தூக்கத்தில் சில விநாடிகள் மூச்சு நின்று, பிறகு வேகமாக வாங்குவது மட்டும் உயரத்தில் பலருக்கும் இயல்பு. பக்கத்தில் படுத்திருப்பவர் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இறங்கத் தெரிந்த மனம்

எடுத்துக்காட்டாக, ஒரு தம்பதியை மனத்தில் நினைத்துப் பார்க்கலாம். கணவருக்கு வயது 58, மனைவிக்கு 54. மகளுக்கு நெடுநாள் கழித்துக் குழந்தை பிறந்தால் கோசாயி குண்டத்தில் நீராடுவதாக மனைவி நேர்ந்துகொண்டிருக்கிறார். குழந்தை பிறந்துவிட்டது. இருவரும் புறப்பட்டார்கள். வழியில் ஓய்வு நாளை விட்டுவிட்டு லவுரிபினாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தினமும் ஓடிப் பழகிய கணவர் முன்னால் வந்தார். முழங்கால் வலியுடன் மனைவி பின்னால் வந்தார். மாலையில் கணவருக்குத் தலைவலி. "வெயிலில் நடந்ததால் வந்தது" என்று சொல்லிவிட்டு, உணவு வேண்டாம் என்று படுத்துவிட்டார். இரவில் எழுந்து வெளியே போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஏரி இன்னும் 480 மீட்டர் உயரத்தில். மூன்று மணி நேரத் தொலைவு. அத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்தாயிற்று. அந்நேரத்தில் கணவர் சொல்லக்கூடிய சொல் ஒன்று உண்டு: "நீ போய் நீராடிவிட்டு வா, நான் இங்கேயே படுத்திருக்கிறேன்." மலையில் பேசப்படும் சொற்களில் இதைவிட ஆபத்தானது வேறில்லை. அன்பினால் சொல்லும் சொல் அது. மனைவியின் நேர்த்தி தன்னால் கெட்டுவிடக் கூடாதே என்று சொல்வது. ஆனால் மூளை வீங்கியவர் சில மணி நேரத்தில் நினைவிழக்கக்கூடும். தன் நிலையைத் தானே அறியும் சக்தியை முதலில் பறிப்பது அந்த நோய்தான். ஆகவே அவர் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்பக்கூடாது. அவர் நடப்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நேர்கோட்டில் நடக்க இயலாவிட்டால், விடியும் வரை காத்திராமல், விளக்கை எடுத்துக்கொண்டு, வழிகாட்டியின் துணையுடன் அந்த இரவே சந்தன்பாரிக்கு இறங்க வேண்டும். மனைவியும் உடன் இறங்க வேண்டும். மேற்கொண்டு மருத்துவ உதவிக்கு ஏற்பாடும் செய்ய வேண்டும். இவ்வாறு இறங்கியவர், நலமாகிவிட்டேன் என்று சொல்லி அதே பயணத்தில் மறுபடி ஏறுவதும் கூடாது.

இந்த முடிவை லவுரிபினாவில், நள்ளிரவில், குளிரில் எடுப்பது மிகக் கடினம். ஆகவே வீட்டில் இருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்கு உடல்நலம் கெட்டால் யார் உடன் இறங்குவது? நேர்த்தி செய்தவர் இறங்க நேர்ந்தால் அதை எப்படி நிறைவு செய்வது? குழுவாகப் போவோர் நோயாளியை எக்காரணத்தாலும் தனியே விட்டுச் செல்வதில்லை என்று ஒப்புக்கொண்டு புறப்பட வேண்டும்.

இறங்கிவிட்டால் நேர்த்தி வீணாகுமோ என்று கலங்குபவர்களுக்கு நம் சமயமே விடை கூறுகிறது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறும் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரையை நினைவுகூர வேண்டும். முதிர்ந்த வயதில் கயிலைக்குப் புறப்பட்ட சுவாமிகளுக்குக் கால் தேய்ந்தது; கையால் ஊர்ந்தார்; மார்பால் நகர்ந்தார்; உடல் முழுதும் நைந்து விழுந்தார். அப்போது முனிவர் வடிவில் வந்த பெருமான் திரும்பிப் போகச் சொன்னார். அப்பர் மறுத்தார். இறுதியில் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார். அப்பருக்கே கயிலை கிட்டியது கயிலையில் அன்று, காவிரிக் கரையில்தான்.

வியப்பு என்னவென்றால், நேபாளத்திலும் இதற்கு ஒப்பான நம்பிக்கை உண்டு. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் உள்ள பாட்டன் நகரில் கும்பேசுவரர் ஆலயம் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயில் ஐந்து அடுக்குக் கூரை கொண்டது. அதன் குளத்து நீர் கோசாயி குண்டத்திலிருந்து மலைக்கு அடியில் ஓடி வருவதாகவே மக்கள் நம்புகிறார்கள். ஜனை பூர்ணிமா நாளன்று மலையேற இயலாதவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து நீராடி வழிபடுகிறார்கள். கோசாயி குண்டத்தில் நீராடிய பலன் அங்கே கிட்டும் என்பது அவர்கள் கொள்கை. முதியவரையும் நோயாளியையும் மனத்தில் கொண்டு பெரியோர் வகுத்த வழி இது. லவுரிபினாவிலிருந்து இறங்கிய அந்தத் தம்பதி காத்மாண்டு சேர்ந்து, உடல் தேறியபின் கும்பேசுவரர் குளத்தில் நீராடித் தங்கள் நேர்த்தியை நிறைவு செய்யலாம். பேரக்குழந்தையின் முகத்தை மீண்டும் பார்க்க இருவருமாகத் திரும்பலாம்.

ஏரிக்கரையில்

நலமாக ஏரியை அடைந்தவர்களுக்கும் சில குறிப்புகள். நீர் உறையும் நிலைக்குச் சற்றே மேலிருக்கும். திடீரென முழுகினால் இதயத்துக்குப் பெரும் அதிர்ச்சி ஏற்படும். இதயக் கோளாறும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதே போதுமானது. தீர்த்தத்தைத் தெளித்துக்கொள்வதும் நீராடலுக்கு ஒப்பென்பது நம் வழக்கமே. முழுக விரும்பும் மற்றவர்களும் கரையிலேயே நின்று, விரைவில் கரையேறி, உலர்ந்த கம்பளி ஆடையை உடனே அணிய வேண்டும். ஈர உடையுடன் நின்று ஜபம் செய்யக்கூடாது.

ஹிமாலய மீட்புச் சங்கம் என்ற தொண்டு நிறுவனம் 1973ஆம் ஆண்டு முதல் நேபாளத்தில் பணியாற்றி வருகிறது. ஜனை பூர்ணிமா விழாவின்போது கோசாயி குண்டத்தில் தற்காலிக மருத்துவ முகாம் நடத்தி வந்துள்ளது. விழாக் காலத்தில் செல்வோர் முகாம் நடைபெறும் இடத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நலம். மற்ற காலங்களில் அங்கே மருத்துவர் எவரும் இருப்பார் என எதிர்பார்க்க வேண்டாம்.

சூடம் கொளுத்திய தட்டும், பிளாஸ்டிக் பையும், பழைய துணியும் ஏரியில் விடுவதற்கு உரியவை அல்ல. நஞ்சைத் தாமே உண்டு உலகைக் காத்த பெருமானின் தீர்த்தத்தில் நாம் நஞ்சைச் சேர்க்கலாகாது. கொண்டு சென்ற குப்பையைக் கீழே கொண்டு வருவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

யாத்திரை செல்ல எண்ணும் சங்க அன்பர்கள் இந்த ஆண்டே முடிவு செய்து, அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவது நல்லது. மருத்துவப் பரிசோதனைக்கும், நடைப் பயிற்சிக்கும், விடுமுறையைச் சேர்த்து வைப்பதற்கும் அந்த அவகாசம் வேண்டும். போகும் அன்பர்கள் அனைவரும் நீலகண்டப் பெருமான் அருளால் நல்ல தரிசனம் பெற்று நலமுடன் இல்லம் திரும்புவார்களாக.